வெள்ளாவிக்குப் போகாத பாவாடை

இருதயமேரியிடம் ஆறு உள்பாவாடைகள் இருந்தன. ஆறும் வெள்ளை. நான்கு வருஷத்துக்கு முன், புற்று என்று அவள் கர்ப்பப்பையை அறுத்தெடுத்த பிரெஞ்சு டாக்டர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், நடுவில் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் பூப்போட்ட பாவாடைகளையெல்லாம் ஒழித்துவிட்டு, மல் துணி வாங்கித் தானே ஆறு தைத்துக்கொண்டாள். கன்னிமடத்துப் பீடத்துணிகளுக்கு லேஸ் வைத்துத் தைக்கிறவளுக்குத் தைப்பது பெரிதில்லை. பார்ப்பதுதான் பெரிது. காலையில் பார்ப்பாள், மத்தியானம் பார்ப்பாள். கோயிலில் முழந்தாளிட்டு எழுந்தால், சிலுவை போடும் முன்பே தரையைத் திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டாரைத் தவிர இந்த நோய் விஷயம் சலவைக்காரி அன்னக்கிளிக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தாள். வாராவாரம் மூட்டையைக் கொண்டுவந்து வைக்கும்போது அன்னக்கிளி, "சுத்தம்மா" என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருதயமேரி அடுத்த வாரத்தைத் தள்ளுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், மகள் ஸ்டெல்லாமேரியின் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை கூறிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிறு படிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பில் இரண்டு ஆகிவிட்டது. 'தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்' என்று சாமியார் படித்தபோதெல்லாம், யாரோ எழுந்து தன் வயிற்றைப் பற்றிச் சொல்லப்போகிறார்கள் என்று அவள் பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளையின் தாய் புஷ்பமேரி பின்வாங்கிவிட்டால்?

திங்கட்கிழமை அன்னக்கிளி வந்தாள். சுத்தம் என்று சொல்லவில்லை. வெளுக்காத பாவாடை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். அதில் மிளகளவு கறை.

"ஊசி குத்திடுச்சி. விரல அதுல தொடச்சேன்" என்றாள் இருதயமேரி.

"விரல வெளிப்பக்கந்தானம்மா தொடைப்பாங்க. இது உள்ள கருப்பா இருக்கு, வெளிய வெளுப்பா இருக்கு. எங்கிட்டயே கத சொல்றீங்களே."

"மூணாவது ஓலையும் கல்யாணமும் முடியட்டும். வெள்ளாவில போட்டுரு."

"வெள்ளாவி வச்சா கற ஒறைஞ்சிபோவும். அதுக்கப்பறம் அது என்னன்னு டாக்டரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. நீங்க போயி காட்டிட்டு வர்ற வரைக்கும் இந்த வூட்டுத் துணி ஒண்ணையும் தொடமாட்டேன்."

மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை இருதயமேரி ஒரே ஓரத்தை மூன்று தடவை தைத்துப் பிரித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புதன்கிழமை காலை, பாவாடையைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். அன்னக்கிளி தெருமுனையில் காத்திருந்து கூட வந்தாள்.

கோயில் தெரு திரும்பும்போது எதிரே புஷ்பமேரி, கையில் மீன் கூடையோடு.

"என்ன சம்பந்தியம்மா, காலங்காத்தால? கல்யாணத் துணி எடுக்கவா?"

"ஆமாம்மா, துணிதான்" என்று அன்னக்கிளி முந்திக்கொண்டாள்.

இருதயமேரி பொட்டலத்தை இடுப்போடு அழுத்திக்கொண்டு, "இல்ல. ஆஸ்பத்திரிக்கு. எனக்கு முன்னாடி ஒரு நோவு இருந்துச்சி..." என்றாள்.

"தெரியுமே."

"யார் சொன்னா?"

"சாமியார்தான். வருசா வருசம் நீங்க பூச வெக்கிறீங்க இல்ல? 'ஆப்பரேசனில் பிழைத்ததற்காக இருதயமேரி தரும் நன்றிப் பூசை'ன்னு பீடத்துலேந்து படிக்கறாரு. எந்த ஆப்பரேசன்னு பொம்பளைங்க விசாரிக்காம வுடுவாங்களா?"

இருதயமேரி நான்கு நன்றிப் பூசைகளையும் கண்ணை மூடிக்கொண்டே கேட்டவள். தன் பெயரை மாதாவுக்குச் சொல்வதாகத்தான் அவள் எண்ணியிருந்தாள். ஊருக்கும் சேர்த்துப் படிக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

"அப்ப பொண்ணு கேட்டு வந்தது?"

"தெரிஞ்சிதான் வந்தோம். போங்க, நேரமாயிட்டா வரிசை கூடிப்போவும். கல்யாணத்துக்கு நீங்க எழுந்து நடமாடணும், எனக்கு அதான் வேணும்" என்ற புஷ்பமேரி, மீன் கெட்டுப்போகும் என்று நடையைக் கட்டினாள்.

டாக்டர் கறையைப் பார்த்தார், அவளையும் வெகுநேரம் சோதித்தார். அவர் சொன்னதை அங்கே நர்ஸாக இருந்த கன்னியாஸ்திரீ தமிழில் சொன்னாள்: தையல் ஆறிய இடத்தில் தோல் மெலிந்து கசிந்திருக்கிறது, பழைய நோய் கைக்குத் தட்டுப்படவில்லை, ஆனாலும் இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும்.

"ஆறு மூணாயிடுச்சே" என்றாள் இருதயமேரி வெளியே வந்து.

"அதுக்கென்ன, நானும் வர்றேன். குடுங்க, இப்ப வெளுக்கறேன்."

அவள் கொடுக்கவில்லை. கறையின் நிழல் தங்கிவிட்டால் பழசு எது, புதுசு எது என்று எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து அதைக் கிழித்து அடுப்படித் துணியாக்கினாள். மிச்சமிருந்த மல் துணியை எடுத்துப்போட்டு வெட்டினாள். சாயங்காலத்துக்குள் தைத்து, நாடா கோத்தாள்.

பிறகு எழுந்து ஜன்னலோரம் போய், இன்னும் ஒரு தடவைகூடக் கட்டாத அந்தப் பாவாடையை வெளிச்சத்தில் விரித்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.