கொழுந்து மாடியில் நான் தோற்ற நாள்

இலங்கையில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் நிலவின் பிறையைக் கணக்கிட்டு வரும் பௌத்தர்களின் போயா நாள் வார விடுமுறையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அறுபதுகளின் பிற்பகுதி. அப்போது நான் பதுளையில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் டெனிஸ் ஆடியவன் என்ற சிறு பெருமை எனக்கு இருந்தது. பதுளையில் எதிரே நின்று ஆடத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்திருந்தவரிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் நமுனுகுல மலைச்சாரலில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர்.

“நம்ம வீட்டுலயே ஒரு ஆள் இருக்குங்க மாஸ்டர். அடுத்த போயாவுக்கு வாங்க” என்றார். மகனாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு மட்டையோடு போனேன்.

இருந்தது மகள். வயது இருபத்திரண்டு. பாடசாலை அணிக்காக ஆடிக்கொண்டிருந்தவரைப் பதினைந்தாம் வயதில் இளம்பிள்ளை வாதம் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. தோட்டத்துத் துரை பங்களாவின் டெனிஸ் மைதானத்தில் சக்கரங்கள் மண்ணுக்குள் புதைந்தன. ஆகவே அதுவரை வீட்டுச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தவர், இப்போது தொழிற்சாலையின் மேல்மாடியைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மாடி அது. புதிய இயந்திரம் பூட்டுவதற்காகப் பாதி மாடியில் இருந்த தட்டுகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய இயந்திரமோ மாதக்கணக்காக வந்தபாடில்லை. பல்லாண்டுக் கொழுந்தின் சாறு ஊறி வழவழத்துக் கிடந்த பலகைத் தரையில் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. தட்டுகளில் கட்டியிருந்த சணல் துணியே வலையாயிற்று. கோடுகள் போட அடுத்த முறை நான் பாடசாலைச் சோக்குக் கட்டிகளைக் கொண்டுபோனேன்.

படியேறும்போது டீமேக்கர் என் காதோடு சொன்னார்: “புள்ள மனசு நோகாம, கொஞ்சம் பாத்து ஆடுங்க மாஸ்டர்.” தலையசைத்தேன். அதற்குள் மகள், கொழுந்துச் சாக்குகளை ஏற்றும் பாரந்தூக்கியில் நாற்காலியோடு ஏறி, எனக்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்திருந்தார்.

விதிகளையும் அவரே வைத்திருந்தார். கூரையில் பட்ட பந்து தோற்ற பந்து. “பந்து எனக்கு ரெண்டு குதி குதிக்கலாம், உங்களுக்கு ஒரு குதிதான். சரிங்களா?” சரி என்றேன்.

தகப்பனுக்குத் தலையசைத்ததை நான் மூன்று போயா நாட்கள் காப்பாற்றினேன். கடினமான பந்தை எட்டாததுபோல் விட்டேன். இலகுவானதைச் சணல் துணியில் அடித்தேன். மூன்று முறையும் அவர் மயிரிழையில் வென்றார். என் நடிப்பு நேர்த்தியானது என்றுகூட நினைத்திருந்தேன். மூன்றாம் நாள், கீழே முந்தின நாள் தேயிலைத் தூளைச் சலித்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் வேலையை முடித்துவிட்டு வேடிக்கை பார்க்க ஏறிவந்தார்கள். நான் ஒரு பந்தைத் தவறவிட்டதும் அவர்களில் மூத்தவர் உரக்கச் சொன்னார்: “மாஸ்டர் ஐயாவுக்குக் கையி நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சுளுக்கிருச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். டீமேக்கரின் மகள் சிரிக்கவில்லை. மட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துலயும் இப்பிடித்தானா மாஸ்டர்? தப்பாக் கணக்குப் போடுற புள்ளைக்கும் பாவம்னு சரி போட்டுருவீங்களா?”

அவர் குரலை உயர்த்தாமலே தொடர்ந்தார். “இன்னும் ரெண்டே போயாதான். மெஷின் கொழும்புக்கு வந்துருச்சாம். அதுக்கப்புறம் இந்த மாடி எனக்கு இல்லை. அதுக்குள்ள நான் ஒரு தடவை மெய்யா ஜெயிக்கணும். இல்லை, மெய்யாத் தோக்கணும். அதுக்கு முடியாதுன்னா நீங்க வர வேணாம்.”

டீமேக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்கதான் சொல்லி வச்சீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா” என்றார் மகள். தகப்பன் வெளியே தெரிந்த தேயிலைச் சரிவை அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை அரித்தது. ஏழு ஆண்டுகள் தனியாகச் சுவரோடு ஆடியவருக்கு ஒருவழியாக எதிராளி கிடைத்தான். அவனும் சுவரைவிட மோசமானவனாக இருந்துவிட்டான். சுவர் பொய் சொல்வதில்லை.

அடுத்த போயாவுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த அத்தனையையும் ஆடினேன். ஆறுக்கு ஒன்று என்று வென்றேன். அந்த ஒன்றை அவர் என்னிடமிருந்து பிடுங்கினார், நான் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தபோது வியர்வையில் நனைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அதற்கு முன்பு நான் எந்தத் தோல்வியிலும் கண்டதில்லை.

“தோத்ததுக்கா இம்புட்டுச் சிரிப்பு?” என்று கேட்டார் தூள் சலிக்கும் அக்கா.

“அந்த ஒண்ணு என்னோடதுக்கா!” என்றவர் என் பக்கம் திரும்பினார். “அடுத்த போயா நீங்களும் உக்காந்து ஆடுறீங்க மாஸ்டர். அப்பப் பாப்போம்.”

கடைசிப் போயாவன்று தோட்டத்து மருந்துச்சாலையிலிருந்து ஒரு பழைய நாற்காலி வந்திருந்தது. அதன் இடது சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். அவர் தம்முடைய நல்ல நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பழசில் மாறி உட்கார்ந்தார். “பின்னால சாக்குச் சொல்லக் கூடாதில்ல. இன்னைக்கு உங்களுக்கும் ரெண்டு குதி.”

செய்தி தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கெல்லாம் பரவி, மாடி நிறைய ஆட்கள். நான் ஒரு பட்டதாரி. விசையும் கோணமும் கற்பிப்பவன். ஆனால் ஒரு கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டு அதே கையால் சக்கரத்தையும் தள்ளுவது எப்படி என்று எனக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. முதல் பந்துக்கு நான் இருந்த இடத்திலேயே ஒரு முழு வட்டம் சுற்றினேன். இரண்டாவதற்குப் பின்புறமாக ஓடினேன். ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு போய்ச் சணல் துணிக்குள் நாற்காலியோடு புகுந்துவிட்டேன். நான்கு பெண்கள் சேர்ந்து என்னை உரித்தெடுத்தார்கள். பந்து வருவதற்கு முன்பே அது எங்கே வரும் என்று தீர்மானித்துச் சக்கரத்தை உருட்டிவிட வேண்டும் என்பது எனக்குப் புரிந்தபோது ஆறுக்குப் பூச்சியம் என்று தோற்றிருந்தேன்.

நான்காம் ஆட்டத்தின் நடுவிலேயே டீமேக்கர் கத்தினார்: “புள்ள, மாஸ்டர் மனசு நோகாம கொஞ்சம் பாத்து ஆடும்மா!”

மாடியே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். மகள் அடுத்த பந்தை முன்னிலும் பலமாக அடித்தார்.

மறுவாரம் இயந்திரம் வந்தது. மாடி பழையபடி கொழுந்துக்குப் போயிற்று. ஒன்றரை ஆண்டு கழித்து எங்களுக்குத் திருமணம் நடந்தது. பெரியவர்கள் அவரிடம் சம்மதம் கேட்டபோது, “ஏமாத்தினா எனக்குத் தெரிஞ்சிரும். அதனால பயமில்லை” என்றாராம். பதுளையில் எங்கள் வீட்டின் பின்புறம் சீமெந்துத் தரை போட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் அவர் ஆடினார். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுத்தார். எண்பதுகளில் ஒரு பத்திரிகையில், வெளிநாடுகளில் சக்கர நாற்காலி டெனிஸ் வளர்வதாகவும் அதில் பந்து இரண்டு முறை குதிக்கலாம் என்றும் வாசித்துக் காட்டினேன். “பாருங்களேன், என் சட்டத்தைக் களவெடுத்துட்டாங்க!” என்று அன்று முழுவதும் வருவோர் போவோரிடமெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு அவர் நோயுற்றுக் கிடந்தபோது வைத்தியர் என்னை அறைக்கு வெளியே அழைத்து, இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்றார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். நான் உள்ளே போய்க் கட்டிலருகே அமர்ந்து, வைத்தியர் கூறியதை ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். அவர், “நேராவே அடிச்சிட்டீங்க” என்று சொல்லிப் புன்னகைத்தார். பிறகு, யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். எல்லாவற்றையும் அவர் இருக்கும்போதே செய்து முடித்தோம்.

அவர் மறைந்து ஐந்து மாதங்களாகின்றன. நாம் இரக்கமென்று கருதி ஒருவரிடம் மறைக்கும் உண்மை அவரை அவருடைய ஆட்டத்திலிருந்தே வெளியேற்றிவிடுகிறது என்பதை அந்த மாடியில் அறிந்திராவிட்டால், கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் கேட்ட அத்தனை சிரிப்பையும் நான் இழந்திருப்பேன்.