கம்பெனிக்குப் பின்னால் நிலவாகை

பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியின் செக்கிங் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. நல்ல துணியைக் கையில் கொடுத்தாலும், எங்கோ ஓட்டை இருக்கும், நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றும். வீட்டில் சாம்பாரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். சந்தேகப்படாதவனை வைத்துக்கொண்டு எந்த முதலாளியும் கம்பெனி நடத்த முடியாது.

அதனால் நதியாவின் கையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் பக்கத்து மேசைக்குப் போனதைப் பார்த்த அன்றே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

நதியா தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறவள். வயது முப்பத்தொன்பது. விளாத்திகுளம் பக்கத்து ஊர். வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கணவன் ஜெயபாண்டி லோடு ஏற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து வீட்டோடு இருக்கிறான். மகள் அபிராமி பிளஸ் டூ படிக்கிறாள். கம்பெனியை ஒட்டி வேலையாட்களுக்காகக் கட்டிவிட்ட பத்து ரூம்களில் ஒன்றில் மூன்று பேரும் இருக்கிறார்கள். வேலையில் இருக்கிறவரைக்கும்தான் ரூம்.

பேச்சு அதிகம் கிடையாது. வேலையில் குறை சொல்ல முடியாது, நானும் தேடித்தான் பார்த்திருக்கிறேன். குறையே இல்லாத ஆளைக் கண்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகம் வரும்.

அந்த வாரம் முழுவதும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று பொட்டலமாவது கை மாறியது. டீ நேரத்தில், சாப்பாட்டு நேரத்தில், கேட்டுக்கு வெளியே செருப்பு மாட்டுகிற நேரத்தில். வாங்கியவர்கள் எல்லோரும் பெண்கள். வாங்கி உடனே முந்தானையிலோ டிபன் பையிலோ ஒளித்துக்கொண்டார்கள். காசு எதுவும் கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு உதைத்தது. காசு வாங்கினால் வியாபாரம் என்று விடலாம். சும்மா கொடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

ஒரு பொட்டலம் தரையில் விழுந்தது. செருப்பால் மிதித்து நின்று, ஆள் நகர்ந்ததும் எடுத்தேன். உள்ளே மங்கலான பச்சைப் பொடி. கஞ்சா என்றே முடிவு செய்துவிட்டேன். முகர்ந்து பார்த்தால் காய்ந்த இலை வாசம், கூடவே சுக்கு. கஞ்சாவில் சுக்கு போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது? கேட்டால் என்னையல்லவா சந்தேகப்படுவார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் பின்னாலேயே போனேன். காம்பவுண்டுச் சுவருக்கும் பின்புறச் சாக்கடைக்கும் நடுவே நீளமாக ஓர் இடம் சும்மா கிடக்கிறது. கல்லும் சிமெண்டுக் கழிவும் கொட்டின மேடு, புல்கூடச் சரியாக முளைக்காது. அங்கே இடுப்புயரத்துக்கு நாற்பது ஐம்பது செடிகள். மஞ்சள் பூ. நதியா ஒவ்வொரு செடியாகக் குனிந்து பூங்கொத்துகளைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் பார்க்க ஆவாரை மாதிரி இருந்தது. ஆனால் ஆவாரை இல்லை. பொங்கலுக்கு ஆவாரம்பூ வைத்துக் காப்புக் கட்டுகிற ஊர்க்காரனை ஏமாற்ற முடியாது. இந்த இலை கொஞ்சம் நீலம் பாய்ந்தது, காய் அப்பளத்தை வளைத்தது போலத் தட்டையாக இருந்தது. சாக்கடை ஓரமாக மேய்கிற வெள்ளாடுகள் சீமைக்கருவேலங்காயைத் தின்றுவிட்டு, இந்தச் செடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஆடு வாய் வைக்காத செடி. அதிலும் பூவைக் கிள்ளி எறிந்துவிட்டு இலையை மட்டும் வளர்க்கிறாள். என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அதற்கு அடுத்த நாள் நடந்ததுதான் என்னை முதலாளியிடம் ஓட வைத்தது. தூணுக்கு அந்தப் பக்கம் நதியாவும் பிரியங்காவும் நின்றிருந்தார்கள். பிரியங்காவும் எங்கள் பகுதியில் வேலை பார்க்கிறவள்தான், கல்யாணமாகி நாலு மாதம். நதியா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாள் ஏதும் தள்ளியிருக்கா? மறைக்காமச் சொல்லு."

பிரியங்கா என்ன சொன்னாளோ, காதில் விழவில்லை. பொட்டலம் கை மாறியது. கஞ்சாவாவது பரவாயில்லை, இது கருவைக் கலைக்கிற மருந்து. என் கண் முன்னால், என் பகுதியில், ஆறு மாதமோ ஒரு வருடமோ இது நடந்துகொண்டிருக்கிறது. எத்தனை பெண்களோ.

முதலாளி தரணீதரனுக்கு முப்பத்திரண்டு வயது. அவருடைய அப்பா காலத்திலிருந்தே நான் இருப்பதால் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். பொடியை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரம் எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் கம்பெனியை ஆடிட் செய்ய வருகிறார்கள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"மொதல்ல இது என்னன்னு தெரிஞ்சுக்கோங்ணா. நீங்க சொல்றதுதான்னா இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்தி, ரூமையும் காலி பண்ணச் சொல்லீருங்க. சத்தமில்லாம முடிச்சுருங்க."

ஆகட்டுங்க என்று வந்துவிட்டேன். அபிராமிக்குப் பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் பாவமாக இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உள்ளூரில் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று, பொடியையும் ஒரு கிளையையும் பையில் போட்டுக்கொண்டு உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சித்த மருத்துவர் இருக்கிறார், நாற்பது வயதுப் பெண்மணி. என் தங்கைக்கு வைத்தியம் பார்த்தவர். கிளையைக் கையில் வாங்கியதுமே நிலவாகை என்றார். பொடியை நாக்கில் வைத்துப் பார்த்து, சுக்கு சேர்த்திருப்பது வயிற்றைக் கடுக்காமல் இருப்பதற்கு, கொடுத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்றார். அரபு நாட்டுப் பாலை நிலத்துச் செடியாம். தண்ணீர் தேங்கினால்தான் சாகும், காய்ந்தால் சாகாதாம். தெற்கே மானாவாரியில் விளைந்து மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறுகிறதாம். மலச்சிக்கலுக்கான மருந்து, வேறொன்றும் இல்லை.

நான் விடவில்லை. அப்படியானால் நாள் தள்ளியிருக்கிறதா என்று எதற்குக் கேட்கிறாள் என்றேன். வயிற்றில் பிள்ளை இருந்தால் இதைக் கொடுக்கக் கூடாது, அதனால் கேட்டிருப்பார் என்றார் மருத்துவர். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? முப்பது பேர் இருக்கலாம் என்றேன். ஒரே இடத்தில் வேலை செய்கிற முப்பது பெண்களுக்கும் மலச்சிக்கலா, தண்ணீர் குடிக்கிறார்களா இல்லையா என்றார். தளத்திலேயே கேன் தண்ணீர் வைத்திருக்கிறோம் என்று ரோஷமாகப் பதில் சொன்னேன். விடாமல் தினமும் சாப்பிட்டால் குடல் அதற்கே பழகிவிடும், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போதுதான் அந்த கேன் ஞாபகத்துக்கு வந்தது. எழுபது பெண்கள் வேலை பார்க்கிற தளத்தில் சாயங்காலமும் அது முக்கால் அளவுக்கு நிறைந்தே இருக்கும்.

முதலாளிக்கு நல்ல செய்திதான் சொன்னேன். வேலை போகாது என்றார். ஆனால் ஆடிட்டுக்கு முன்னால் செடி ஒன்றுகூட இருக்கக் கூடாது, இனிமேல் யாருக்காவது பொடி கொடுத்தால் அன்றோடு அவளை அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். இதையும் சொல்ல வேண்டியவன் நான்தான்.

நதியா சுவருக்குப் பின்னால் இருந்தாள். பறித்த இலையை நிழலில் சாக்கின் மேல் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள், ஆனால் பயந்த மாதிரித் தெரியவில்லை. நான் உடுமலை போய் வந்தது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளாகவே சொன்னாள். ஊரில் பத்து வயதிலிருந்து இந்த இலை பறிக்கப் போனவள். இலை தடித்து நீலம் பாய்ந்தால் பறிக்க வேண்டும், பூவைக் கிள்ளிவிட்டால் இன்னும் இலை வைக்கும், வெயிலில் காயப்போட்டால் நிறம் போய் வியாபாரி தள்ளிவிடுவான். கல்யாணத்துக்குப் பிறகு மழை பொய்த்துப் பொய்த்து ஊரே காலியானது. இங்கே வந்த பிறகு அவளுக்கே ஒன்றரை வருடம் முன்பு இந்தத் தொந்தரவு வந்து, ரத்தம் போகிற அளவுக்கு முற்றியது. கடை மருந்து கேட்கவில்லை. ஊருக்குப் போனபோது ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்தாள். தோல் கெட்டியான விதை, மணலோடு சேர்த்துத் தேய்த்துத்தான் போட வேண்டும். இந்தக் கல் மேட்டில் முளைக்காது என்று ஜெயபாண்டி சொன்னானாம். இங்கேதான் முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குக் குணமானதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரி கேட்டாள், பிறகு அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி.

எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. அதெல்லாம் சரி, ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்கிறாரே, நீ மாதக்கணக்கில் கொடுக்கிறாயே என்று மடக்கினேன்.

"அது எனக்கும் தெரியும் சார். நிப்பாட்டணும்னுதான் நானும் பாக்கேன். தண்ணியே குடிக்க மாட்டுக்காளுக, பெறகு வயித்தப் பிடிச்சுக்கிட்டு எங்கிட்டத்தான் வந்து நிக்காளுக."

ஏன் குடிப்பதில்லை என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பாத்ரூமுக்குப் போகிற பெண்கள் உள்ளே நின்று போன் பேசுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. யார் பேசினார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் இரண்டு டோக்கன் செய்தேன், மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். எழுபது பேருக்கு இரண்டு. என்னைக் கேட்டு அதை எடுத்தால்தான் பாத்ரூமுக்குப் போகலாம், நான் நோட்டில் நேரம் எழுதுவேன். ஒருத்தி ஒரு நாளைக்கு மூன்று தடவை எடுத்தால் நான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். அந்தப் பார்வைக்குப் பயந்து எழுபது பெண்கள் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் தண்ணீரைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள். செக்கிங்கில் எனக்குத் தப்பாத கண் என்று பெயர்.

"டோக்கன எடுத்துருங்க சார். எடுத்தீகன்னா இந்தச் செடியப் பூராம் நானே பிடுங்கிப் போட்டுருதேன். ஒங்களுக்கும் வேல மிச்சம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். போன் பேசுவார்கள், புரொடக்‌ஷன் குறையும், நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள். எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. சாக்கின் மேல் கிடந்த இலையைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன்.

சனிக்கிழமை மாலை எல்லோரும் பார்க்க டோக்கன்களை ஆணியிலிருந்து எடுத்தேன். யாரும் கைதட்டவில்லை, நம்பின மாதிரியும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், பாதிச் செடிகள்தான் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. மீதி அப்படியே நின்றன. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேராக அவள் மேசைக்குப் போய், சொன்ன பேச்சு என்னாச்சும்மா என்றேன்.

கத்திரியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"டோக்கன நீங்க டிராயர்லதான சார் வச்சிருக்கீக."

பக்கத்து மேசைகளில் கத்திரிச் சத்தம் நின்றுவிட்டது. நான் டிராயரில்தான் வைத்திருந்தேன். ஒரு வாரம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் திரும்ப மாட்டிவிடுவோம் என்றுதான் வைத்திருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் இரண்டையும் எடுத்து, கத்திரியால் நறுக்கி, வேஸ்ட் மூட்டையில் போட்டேன். நோட்டையும் கிழித்தேன்.

ஆடிட் முடிந்து நான்கு மாதம் ஆகிறது, வந்தவர்கள் யாரும் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. செடி எல்லாம் போய்விட்டது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். கேன் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, பொட்டலம் எதுவும் கண்ணில் படவில்லை. மீதி இருபது செடி மட்டும் இன்னும் அங்கேதான் நிற்கிறது. நான் கேட்பதில்லை. அவளுக்கு என் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. அவள் இடத்தில் நான் இருந்தால் ஒரு செடியைக்கூடப் பிடுங்கியிருக்க மாட்டேன்.