பொன்ராஜ் மாமாவை யாரும் வாங்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவின் போன் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூட டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் ஏதேதோ சொல்லிவிட்டுக் கடைசியில், "சார், அந்தத் தட்டு அடிப்பாரே, தி. நகர் பாத்திரக்கடைக்காரர், அவர் தவறிட்டாராம். கடையிலயே நெஞ்சு வலி" என்றார். அப்பா கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "இனி கேலரியில சத்தம் இருக்காது" என்றார். அது நிம்மதியா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. அவரை நிமிர்ந்து பார்க்கவும் பயமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்திருந்தால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கட்டிய டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். மயிலாப்பூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் அழுதேன்.

மேற்கு கேலரி வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். குழுவில் என் பெயர் 'டீஸ்பூன்'. என்னை உங்களுக்குத் தெரியும். தொப்பி போட்டுக்கொண்டு பொன்ராஜ் மாமாவின் பக்கத்தில் நின்று கத்தும் பெண். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர், நாம் யாரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தோமோ அவர், என் அப்பா.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் நிறுத்திவிடுகிறேன். இவ்வளவு பயத்தோடு எழுதுவதற்குக் காரணம் நேற்று குழுவில் வந்த செய்தி. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் தொடங்குவதற்கு முன் மாமாவுக்காக எல்லோரும் எழுந்து நிற்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'விலை போன ஆளுக்கு எதுக்கு' என்று அதற்குப் பதில் வந்தது. அந்தப் பதிலுக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். மாமா விலை போகவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லாவிட்டால் இனிச் சொல்ல ஆள் இல்லை.

அடையாற்றில் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே எங்கள் குடியிருப்பு. வாலிபால் மைதானம் நடந்து போகும் தூரம்தான். சென்ற வருடம் ஒரு சாயங்காலம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். யாரோ தாம்பாளத்தைக் கரண்டியால் அடிப்பதுபோல் இருந்தது. நூலகத்துக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். உண்மையிலேயே அது தாம்பாளம்தான். மேற்கு கேலரியின் நடுப்படியில், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய மனிதர் எவர்சில்வர் தாம்பாளத்தை அடித்துக்கொண்டிருந்தார். கீழே நம் பெண்கள் அணி வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை என்பதால் ஆட்டம் தொடங்கவில்லை. எதிரே ஷாமியானாவுக்கு அடியில், வெள்ளை உறை போட்ட சோபாக்கள் காலியாகக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளக்கு எங்க?" என்று மாமா கேட்டார். கம்பம் நட்டு ஒரு வருடம் ஆகியும் விளக்கு மாட்டாத மைதானம் அது. "வந்துகினே கீது" என்று கேலரி பதில் சொன்னது.

"கோச் எங்க?" முந்தைய வருடம் அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோன பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. "வந்துகினே கீது."

"சோபா எங்க?"

"வந்தாச்சு."

மூன்றாவது பதிலை நானும் சேர்ந்து கத்தியிருந்தேன். கத்திய பிறகுதான் எதிரே நிற்பது அப்பா என்று உறைத்தது. சட்டென்று குனிந்துகொண்டேன். ஆனால் சாயங்காலச் சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரே ஷாமியானா பக்கம் நின்றவர்கள் எல்லோரும் கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்கு கேலரியில் நிற்பவர்கள் அவர்களுக்கு வெறும் நிழல்கள். அதன் பிறகு ஒரு மேட்ச்சையும் நான் விடவில்லை.

மாமாவுக்கு வாலிபால் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அது உங்களுக்கே தெரியும். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் நம் பந்து என்றால் உள்ளே என்பார். நடுவர் சரியாகச் சொன்னாலும் சண்டைக்குப் போவார். ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவர் வாயில் நிற்காது. கடையில் இருப்பதையெல்லாம் பெயராக வைத்துவிடுவார். உயரமாக நின்று தடுக்கும் அக்கா குத்துவிளக்கு. தரையோடு தரையாக விழுந்து பந்தை எடுக்கும் அக்கா சொம்பு. ஒரு சொட்டுகூடச் சிந்த மாட்டாள் என்பது காரணம். நான் எதையும் ஆடாமலே டீஸ்பூன் ஆனேன். "சின்னதாத்தான் இருக்கு, ஆனா என்ன சத்தம் போடுது பாரு" என்று அவர் சொன்னபோது எனக்கு ஏதோ பரிசு வாங்கியதுபோல் இருந்தது. வீட்டில் நான் சத்தமாகப் பேசியதே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கண்டிப்பானவர். "ஜெயிச்சா அவுங்கவுங்க வீட்டுக்குப் போங்க. தோத்தா பிள்ளைக பஸ் ஏறுத வரைக்கும் நிக்கணும்" என்பார். அதனால் தோற்ற நாட்களில் நாம் எல்லோரும் வாயிலில் நிற்போம். அழுது சிவந்த கண்ணோடு அக்காக்கள் வரும்போது யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது என்பதும் அவர் வைத்த விதி. தாம்பாளத்தை மட்டும் அடிப்பார். ஒருமுறை குத்துவிளக்கு அக்கா அழுகையை நிறுத்திச் சிரித்துவிட்டார்.

பிறகு அந்த மனு. பெண்கள் அணியையே நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, கேலரியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். 'டீஸ்பூன்' என்றே நான் போட்டேன். மாமாவும் மேற்கு மாம்பலத்தில் ஆட்டோ ஓட்டும் மணி அண்ணாவும் அதை இயக்குநரின் வீட்டுக்கே கொண்டுபோவது என்று முடிவானது. வீடு எது என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்காமல் இருந்தேன்.

எப்படியோ விசாரித்து வந்துவிட்டார்கள். காவலாளி ஒருவரை மட்டும்தான் உள்ளே விட்டார். மணி அண்ணா வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். அழைப்பு மணி அடித்ததும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் அம்மா. தட்டில் டம்ளரோடு கூடத்துக்குள் வந்தவள், சோபாவில் பொன்ராஜ் மாமா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றேன். தண்ணீர் தட்டில் சிந்தியது. அவரும் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கணம் அவருடைய புருவம் மேலே போனது. அவ்வளவுதான்.

"பாப்பா என்ன படிக்கி சார்?" என்று அப்பாவிடம் கேட்டார்.

பதினோராம் வகுப்பு என்று அப்பா சொன்னார். "நல்லா படி தாயி" என்று என்னை முன்பின் பார்த்திராதவர்போல் சொல்லிவிட்டு, பாதி டம்ளர் குடித்தார். அப்பா மனுவைப் படித்தார். கோப்பு மேலே போயிருக்கிறது, தன் கையில் இல்லை, கத்துவதால் அது நகராது என்றார். அப்பா கெட்டவர் இல்லை. ஒருவரையும் எதிர்த்துப் பேச மாட்டார், அவ்வளவுதான். ஆனால் விளக்கு வரவில்லை, கோச் வரவில்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றாகவே என் வீட்டில் இருக்கின்றன.

அடுத்த மேட்ச்சுக்குப் போகலாமா என்று நான் பட்ட பாடு சொல்லி முடியாது. போனேன். மாமா என் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். யாரோ "டைரக்டர் ஒழிக" என்று தொடங்கினார்கள். வழக்கமாக அதற்குத்தான் தாம்பாளம் பலமாக விழும். அன்று மாமா கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஆள ஏன்வே சொல்லுதிய. வெளக்கக் கேளுங்க, கோச்சக் கேளுங்க" என்றார். கேலரி ஒரு மாதிரி அடங்கிப்போனது.

மணி அண்ணாதான் கேட்டார். "இன்னா நைனா, அவரு வூட்டுக்குப் போய் காபி சாப்ட்டதுலருந்து சவுண்டு கம்மியா கீது."

"காபி இல்லவே. தண்ணி. அதுவும் பாதி டம்ளரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பேச்சு அதோடு போகவில்லை. பல்கலைக்கழக விடுதிச் சமையலறைக்கு அண்டா, குண்டான் எல்லாம் இனி மாமா கடையிலிருந்துதான் போகிறதாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அது பொய். விடுதிக்கு எங்கிருந்து பாத்திரம் வந்தாலும் அவர் கடையிலிருந்து ஒரு கரண்டிகூட வரவில்லை. அவர் மறுத்தும் பேசவில்லை. நான் அவர் காதருகே, "நான் போயிடுறேன் மாமா. என்னாலதானே" என்றேன்.

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஏன், ஒனக்கு டீம் வேண்டாமா? பேசாம நில்லு. அவரு ஒனக்கு அப்பா, எனக்கு டைரக்டரு. பிள்ள பக்கத்துல நிக்கைல அப்பனத் திட்டி என் டீமு ஜெயிக்க வேண்டாம்." பிறகு, "நீ வாயத் திறக்கப்படாது. ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் ஒன்ன இங்கன நிக்க விடமாட்டானுவ. ஒங்க வீட்டுலயும் விடமாட்டாவ" என்றார்.

இனி, சென்ற மாத இறுதிப் போட்டி. நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் அவருடைய கடைசி மேட்ச். விருந்தினர் தாமதம், ஆட்டம் தாமதம், ஐந்தாவது செட்டுக்கு வரும்போது வானம் சாம்பல் நிறமாகிவிட்டது. வெளிச்சம் போதாது, நாளைக்கு ஒத்திவைக்கலாமா என்று நடுவர் இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டுப் பேசினார். குத்துவிளக்கு அக்கா முடியாது என்று தலையை ஆட்டியதை மேலிருந்து பார்த்தோம். பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. கையில் படும் சத்தத்தை வைத்துத்தான் அது எங்கே என்று தெரிந்தது. அதனால் கேலரியே மூச்சை அடக்கிக்கொண்டது. கத்தவே பிறந்த நாம் அத்தனை பேரும் அக்காக்களுக்குப் பந்தின் சத்தம் கேட்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றோம். மாமா தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். ஜெயிக்க நமக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி. எதிரணி ஓங்கி அடித்த பந்து தரையைத் தொட்டுவிட்டது என்றே நினைத்தேன். சொம்பு அக்காவின் உள்ளங்கை அதற்கடியில் இருந்தது. பந்து எழும்பியது. குத்துவிளக்கு அக்கா ஓடி வந்து குதித்த கால் சத்தம் கேட்டது. அடித்த சத்தம் கேட்டது. நடுவரின் விசில் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. யார் யாரைக் கட்டிக்கொண்டோம் என்று தெரியாமல் படிகளில் உருண்டோம். மணி அண்ணா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

மாமா என் தோளைத் தட்டி எதிரே கையைக் காட்டினார். சோபாக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்தபடி கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். "டீஸ்பூனு, ஒங்கப்பாவப் பாரு" என்று மாமா மெதுவாகச் சொன்னார். அப்பா அப்படிக் குதித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் அப்பா மைக்கைப் பிடித்து விளக்குகள் விரைவில் வரும் என்றார். கேலரி முழுவதும் பழைய பதிலைச் சொல்லிக் கூச்சல் போட்டது. மாமா மட்டும் தாம்பாளத்தை அடிக்கவில்லை. "பாத்தீங்களா, இப்பகூட அடிக்கலையே. அண்டா ஆர்டர் பேசுது" என்று பின்படியிலிருந்து யாரோ சொன்னார்கள். அவருக்கு அது நன்றாகக் கேட்டது. காது வரைக்கும் சிவந்துபோனது. என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, பார்த்தால் யாராவது கவனித்துவிடுவார்கள் என்று. பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிப் போனார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

இதுதான் நடந்தது. மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காக நீங்கள் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் சொன்னதை நான் இப்போது மீறுகிறேன். அவர் இருந்தால் திட்டுவார். திட்டட்டும்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இதைத்தான்: ஒருவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே அவருடைய மகளையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொள்ள முடியும் என்பதை. அது அவரால் முடிந்தது என்றால், அப்பா மேல் பாசமாக இருந்துகொண்டே விளக்கு எங்கே என்று கேட்க என்னாலும் முடிய வேண்டும்.

விடிந்ததும் இதை முதலில் அப்பாவிடம் கொடுப்பேன். அவர் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். பெண்கள் அணிக் கோப்பு என்ன ஆயிற்று என்றும் கேட்பேன். அதன் பிறகு குழுவில் போடுவேன். போடாதே என்று சொன்னாலும் போடுவேன். மணி அண்ணா, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நான் தொப்பி இல்லாமல் வருகிறேன்.

நிவேதா,
இயக்குநரின் மகள்,
மேற்கு கேலரி.