யார் இந்த முனிரத்தினம்?

டி.டி.பி. கடை வைத்துப் பிழைப்பவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: ஊரில் யார் எதை எழுதினாலும் முதலில் படித்துத் தொலைக்க வேண்டியவன் அவன்தான். காதணி விழா அழைப்பிதழ், கம்பெனி மெமோவுக்குப் பதில், வேலை கேட்டு விண்ணப்பம், அதே வேலையை விட்டு ராஜினாமா எல்லாம் என் கண்ணைக் கடந்துதான் போகும். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மாடியில், பிரவுசிங்கும் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எழுத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க, இல்ல இல்ல, பழையபடியே வையுங்க" என்று உயிரை எடுக்கும் வாடிக்கையாளர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சேமிப்பதற்கு முன்பே கரண்ட் போன துக்கமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் உங்களிடம் மனம் விட்டுப் பேசலாம். பேசப்போவது ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றி. நான் எழுந்து நின்று வரவேற்ற ஒரே வாடிக்கையாளரும் அவர்தான்.

படிக்க முடிந்த கையெழுத்து

டாக்டர் கலைவாணி நெஞ்சுநோய் மருத்துவர். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. முதல் நாள் அவர் கத்தைக் காகிதத்தோடு படியேறி வந்தார். டாக்டர் கையெழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரர்களே திணறுகிறார்கள், என் பாடு என்ன ஆவது? பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, குண்டு குண்டாக இருந்தது. அப்போதே நான் பாதி விழுந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். பர்கூர்ப் பக்கம் கிரானைட் அறுப்பவர்களுக்கும் பாலிஷ் போடுபவர்களுக்கும் கல் தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. இருமலும் இளைப்புமாக வருகிறவர்களில் பலரை டி.பி. என்று முடிவு கட்டி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய்த் தொழிலாளிகளைச் சோதித்து, கண்டதை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதியிருந்தார். "இதையெல்லாம் யார் மேடம் படிக்கப்போறாங்க?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை. அவர் கோபித்துக்கொள்ளாமல் சொன்னார்:

"அச்சுல இருந்தாத்தான் சார், வேற ஊர்ல ஒரு டாக்டர் டி.பி.ன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பேனாவ நிறுத்துவாரு."

மூன்று மொழியிலும் ஊதுங்க

என்னிடம் டிஜிட்டல் கேமரா இருந்ததால் படம் எடுக்க ஒரு முறை என்னையும் பர்கூருக்கு அழைத்துப்போனார். ஊதினால் முள் நகரும் சின்னக் குழாய் ஒன்று அவர் கைப்பையில் எப்போதும் இருக்கும். தமிழ்க்காரரிடம் "ஊதுங்க", தெலுங்குக்காரரிடம் "ஊதண்டி", கன்னடக்காரரிடம் "ஊதி" என்று மூன்று மொழியிலும் மாறி மாறிக் கெஞ்சினார். ஓர் ஆள் கன்னம் உப்ப ஊதியும் முள் அசையவே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, "பீடிய இழுக்கச் சொன்னா இழுத்துடுவேன் மேடம், ஊதறதுக்குத்தான் உள்ள ஒன்னுமில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கேமராவை இறக்கிவிட்டேன்.

இவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் எக்ஸ்ரேவுக்குக் கிருஷ்ணகிரி போக வேண்டும், அன்றைய கூலி போய்விடும். டாக்டர் ஆட்களை அழைத்துப்போகக் குவாரி மேஸ்திரியிடம் அனுமதி கேட்டார். அந்த மேஸ்திரி பேச்சுவாக்கில் சொன்னதுதான் அதற்கப்புறம் டாக்டரைத் தூங்கவிடவில்லை:

"ஆளுங்கள நீங்க கூட்டினு போயிட்டா கல்லு யாரு மேடம் அறுக்கறது? மிஷின இங்க கொண்டாங்க, நான் வேணாங்கல."

ஓர் எழுத்து போதாது

எக்ஸ்ரே மிஷின் வைத்த வண்டி. அதற்குப் பணம் தர பெங்களூரில் ஓர் அறக்கட்டளை இருந்தது. ஆனால் அவர்கள் பார்ப்பது கண்ணீரை அல்ல. விண்ணப்பிப்பவர் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார், அவற்றை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளில் வந்த ஒன்றிரண்டு போதாது என்பதால் டாக்டர் வெளிநாட்டுப் பத்திரிகைக்கு இன்டர்நெட் வழியாக அனுப்பத் துணிந்தார். அனுப்பி வைப்பது என் பொறுப்பு.

முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டோம். முதல் பெயர் என்ற கட்டத்தில் கலைவாணி என்று அடித்தேன். கடைசிப் பெயர் என்று இன்னொரு கட்டம். அதில் இனிஷியல் "எம்" போட்டால், ஓர் எழுத்தெல்லாம் பெயராகாது என்று சிவப்பில் திட்டியது. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது, நமக்கு எங்கே போவது? புள்ளி வைத்துப் பார்த்தோம், இரண்டு முறை "எம்" போட்டுப் பார்த்தோம், அசையவில்லை. கரண்ட் வேறு எந்த நேரமும் போகலாம். கடைசியில் டாக்டரே வழி சொன்னார்:

"எங்கப்பா பேரு முனிரத்தினம், அதையே போட்டுடுங்க சார். எனக்கு முன்னாடி எப்பவும் அவர்தான நிக்கிறாரு."

கூழ் கம்பெனியில் மூச்சு

கட்டுரை திரும்பி வந்தது. தூசியே படாத, அதே வயதுத் தொழிலாளிகளின் மூச்சையும் அளந்து ஒப்பிட்டுக் காட்டினால் பார்க்கலாம் என்று பதில். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தட்டினேன். டாக்டரோ பதிலை இரண்டு முறை நிதானமாகப் படித்துவிட்டு, "கேக்கறது நியாயம்தான்" என்று சொல்லி டீ குடித்தார். திட்டியவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்லும் ஆளை நான் என் தொழிலில் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனிக்குப் போனார். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களை வாசலில் நிறுத்தி ஊதச் சொன்னார். முதலில் எல்லாரும் இது குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் சோதனை என்று பயந்து பின்வாசல் வழியாக நழுவினார்களாம். விஷயம் புரிந்ததும் வரிசையில் நின்று, யார் முள்ளை அதிகம் நகர்த்துவது என்று போட்டியே போட்டிருக்கிறார்கள். ஜெயித்த பெண் கேட்டதை டாக்டர் என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்:

"நல்லா இருக்கறவங்க மூச்ச எதுக்கு மேடம் எழுதினு போறீங்க? கண்ணு பட்டுடாது?"

பிரேசில்காரனின் கொட்டேஷன்

அந்தக் கட்டுரை அச்சானது. பிறகு ஒன்று, அதன் பிறகு இன்னொன்று. கட்டுரைகளைத் தேடும் தளத்தில் அவற்றை யார் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது என் காலை வேலையாகிவிட்டது. சாமி படத்துக்கு ஊதுபத்தி, அடுத்தது அதுதான். ஒரு நாள் பிரேசிலில் கல் அறுப்பவர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றில் "முனிரத்தினமும் பிறரும்" என்று கண்டதும் நான் கடையிலேயே கத்திவிட்டேன். தொடர்ந்து துருக்கி, தென்னாப்பிரிக்கா என்று வர ஆரம்பித்தது. நானே எழுதிய மாதிரி கர்வமாக இருந்தது, அடித்தவன் நான்தானே!

நான் கத்தியபோது கடையில் இருந்தவர் ஹார்டுவேர் வியாபாரி பாஷா பாய். கம்பெனிகளுக்கு அவர் அனுப்பும் கொட்டேஷனெல்லாம் நான்தான் அடித்துக் கொடுப்பேன். ஒருவர் கட்டுரையை இன்னொருவர் எடுத்துக்காட்டினால் என்ன லாபம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த வரை விளக்கினேன். தாடியைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அதாவது, நான் சொன்ன வெலைய நம்பி, பிரேசில்ல ஒருத்தன் தன் கொட்டேஷன்ல போடறான். அப்ப அது சரியான வெலைதான்னு அர்த்தம். பெரிய விஷயம்தான்ப்பா!"

பெங்களூரிலிருந்து போன்

வண்டிக்கு விண்ணப்பம் அனுப்பினோம். விண்ணப்பத்தில் டாக்டர் தன் சான்றிதழில் உள்ளபடி எம். கலைவாணி என்று எழுதியிருந்தார். அறக்கட்டளை அலுவலகத்தில் கலைவாணி என்று தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றிரண்டுதான் வந்திருக்கிறது. வெளிநாட்டில் எடுத்துக்காட்டும்போது கடைசிப் பெயரைத்தான் முன்னால் போடுவார்கள் என்பதால் பிரேசில், துருக்கி எல்லாம் முனிரத்தினம் கணக்கில் இருந்தது.

பெங்களூரில் வைத்திருந்த நேர்காணலுக்கு முந்தைய நாள், ஸ்லைடு தயார் செய்ய டாக்டர் கடைக்கு வந்திருந்தபோது, என் கடை எண்ணுக்குத்தான் போன் வந்தது. டாக்டரிடம் கொடுத்துவிட்டு ஸ்பீக்கரை அழுத்தினேன். பேசியவர் வடக்கத்திக்காரர், ஆங்கிலத்தில் வெண்ணெயாகப் பேசினார். கலைவாணி பெயரில் இருப்பது போதாது, விண்ணப்பம் நிற்பது சிரமம் என்றார். முனிரத்தினம் என்பது என் அப்பா பெயர் என்று டாக்டர் பதறிப்போய்ச் சொன்னார். போனில் பேசியவர் அதைக் கேட்டுப் பெரிதும் மகிழ்ந்தார்:

"அடடா, அப்பாவும் ஆராய்ச்சியாளரா? அவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், தேர்வுக் குழுவில் எல்லாருமே அவரைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்."

பெட்டியும் பழமும்

முனிரத்தினம் ஐயாவுக்குக் காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி. வெள்ளைச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாக மறுநாள் காலை ஓசூருக்கு வந்து இறங்கினார். ஸ்லைடு மாற்ற நானும் போனேன். பஸ்ஸில் டாக்டர் விண்ணப்பத்தையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே வண்டி கை நழுவிப்போகிறதே என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் குழுத் தலைவர் எழுந்து வந்து ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தூசி பற்றிய உங்கள் கட்டுரைகள் அபாரம் என்றார்.

ஐயா பெங்களூர் வியாபாரிகளோடு பழகியவர், கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. கும்பிடு போட்டுவிட்டுக் கன்னடத்திலேயே சொன்னார்: "ஐயா, நான் மாங்காய் அனுப்புறவன். பெட்டி மேல என் பேரு இருக்கும். அதுக்காகப் பழத்த நான் காய்ச்சேன்னு சொல்ல முடியுமா? இதுலயும் பேருதான் என்னுது. வேலையெல்லாம் பொண்ணுது. சந்தேகம்னா அவளக் கேளுங்க." கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் துளைத்து எடுத்தார்கள். டாக்டர் எந்தக் கேள்விக்கும் ஸ்லைடைத் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த ஊர்க் குவாரியில் யார் என்ன சொன்னார் என்பது வரை வந்து விழுந்தது. நான் ஸ்லைடை மாற்றவே மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். முடிவில் தலைவர் ஐயாவைப் பார்த்துச் சிரித்தார்:

"அடுத்த கட்டுரையிலாவது பொண்ணு பேரு மொதல்ல வர்ற மாதிரி பாத்துக்குங்க ஐயா."

முடிவு சொன்ன நாள்

வண்டி வந்தது. பர்கூரில் குவாரி வாசலிலேயே நிறுத்தினார்கள். மேஸ்திரி சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஆட்களை அவரே அனுப்பிவைத்தார். சில நாள் கழித்து, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை முடிவுகளைச் சொல்லும் நாளிலும் நான் கேமராவோடு போயிருந்தேன். இளம் வயதுப் பாலிஷ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். டி.பி. என்று பலகாலமாக மாத்திரை சாப்பிடுகிறவர். வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர், படுக்கை வெளியே. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சளியிலும் கிருமி இல்லை, இது டி.பி. இல்லை, கல் தூசி, இதை முழுசாகக் குணப்படுத்த மருந்து கிடையாது, இனி தூசி வேலைக்கே போகக் கூடாது என்று மறைக்காமல் சொன்னார். யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார்.

குணமாகாது என்றதற்கு அழுவார் என்று நினைத்தேன். அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. கடைசியாகச் சொன்னதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். டாக்டர் சொன்னார். அந்த ஆள் வண்டிக்கு வெளியே நின்றிருந்த மனைவியை, அவள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"அப்ப எம் பாப்பாவ நான் தூக்கலாமா மேடம்?"

இன்றைக்கும் பிரேசில்காரர்கள் முனிரத்தினத்தை எடுத்துக்காட்டுகிறார்கள், நான் எடுத்துக்காட்டுவது மட்டும் அந்த ஆள் கேட்ட கேள்வியைத்தான்; அதை எந்தத் தளத்தில் தேடினாலும் கிடைக்காது என்பதால் நீங்கள் என்னைத்தான் நம்பியாக வேண்டும்.