சீசாவில் ஒட்டிய பெயர்

ஒரு கையில் காபியில் தோய்த்த ரொட்டி, மறு கையில் தொலைபேசி. மணி அடித்தால் வேறு யாரையும் எடுக்க விடமாட்டார் ஓர்னெல்லா புருட்சோனே. சோடாவில் காரம் குறைவு, மூடி துருப்பிடித்திருக்கிறது என்று யார் எதைச் சொல்ல அழைத்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "யாருக்காவது அடிபட்டுச்சா?"

இத்தாலியின் சவோனா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய சோடாத் தொழிற்சாலை. கசப்பு நாரத்தைச் சோடா; சீசாவில் ஒட்டியிருப்பது அவர் பெயர். பேச்சும் அதே ருசி. தம்பி எத்தோரே பங்குதாரர். கணக்கு அவர் பொறுப்பு, வசவு அக்காள் பொறுப்பு. வேலையாட்களை "கழுதைகளா" என்றுதான் கூப்பிடுவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்தக் கழுதையின் வீட்டுக்குக் கஞ்சி போகும்.

போன கோடையில் ஒரு நாள் அந்தக் கேள்விக்கு, "ஆமாம்" என்று பதில் வந்தது. கடற்கரை உணவகத்தில் பரிமாறும் சில்வானோவின் கையில் சீசா வெடித்து நரம்பு அறுந்துவிட்டது.

சோடா நிரப்பும் வேலையாள் நெல்லோ அன்று சாப்பிடவில்லை. தன் கை எங்கே பிசகியதோ என்று மூலையில் உட்கார்ந்துவிட்டான். ஓர்னெல்லா ஒரு சீசாவை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"படிடா. இதுல உன் பேரா ஒட்டியிருக்கு? எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடு."

தொழிற்சாலையின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வக்கீல் வந்தார். பொருளைத் தயாரித்தவர் தவறு செய்தாரா என்று சட்டம் கேட்பதில்லை; பொருளில் குறை இருந்தாலே இழப்பீடு தர வேண்டும். ஆனால் சீசாவில் குறை இருந்தது, அதனால்தான் கையில் அடிபட்டது என்று அடிபட்டவர் காட்டியாக வேண்டும். வெடித்த சீசாவோ தூளாகிக் குப்பைக்குப் போய்விட்டது. உணவகத்திலேயே எங்காவது இடிபட்டிருக்கும் என்று சொல்லி வருடக்கணக்கில் இழுக்கலாம் என்றார்.

ஓர்னெல்லா கிடங்குக்குப் போனார். அதே நாளில் நிரப்பிய சீசாக்களை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிலவற்றின் அடிக்கண்ணாடி வெங்காயத் தோல் போல இருந்தது. சந்தைக்குப் போனவற்றைத் திருப்பி வரவழைத்தார். மெலிந்தவற்றைப் பெட்டியில் அடுக்கி, சில்வானோவின் வக்கீலிடம் தானே கொண்டுபோகக் கிளம்பினார்.

எத்தோரே வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "கண்ணாடி வார்த்தவன் வேற ஆளு அக்கா. எதிராளிக்கு நீயே கத்தியத் தீட்டிக் குடுக்குறியே?"

"அவன்கிட்ட நாம அப்புறம் சண்டை போட்டுக்கலாம். அந்தப் பையன் கண்ணாடிக்காரனையா நம்பிக் கையில எடுத்தான்? நான் தப்புப் பண்ணலடா. ஆனா நல்லா இருக்குன்னு சொல்றப்போ என் சோடா, வெடிச்சா மட்டும் ஊரான் சோடாவா? தள்ளு."

தம்பி தள்ளி நின்றார். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கு வாய்தாவுக்கே போகவில்லை. இழப்பீடு சில்வானோவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. காப்பீட்டுத் தவணை ஏறியதில், நெடுநாள் ஆசைப்பட்ட புது நிரப்பு இயந்திரத்தை ஓர்னெல்லா மறந்தார். தம்பி அதை வாரம் ஒரு முறை நினைவுபடுத்துகிறார். அதற்கும் வசவு உண்டு.

சில்வானோவுக்கு இரண்டு விரல்கள் இன்னும் மடங்காது. தட்டுகளை இப்போது இடது கையில் அடுக்குகிறான். சென்ற வாரம் ஓர்னெல்லா அந்த உணவகத்துக்குச் சாப்பிடப் போனபோது, கேட்காமலே அவருடைய சோடாவைக் கொண்டுவந்து வைத்தான். திறப்பானை எடுத்தவனின் விரல்கள் மூடிக்கு மேலே ஒரு கணம் தயங்கின.

ஓர்னெல்லா சீசாவை அவனிடமிருந்து வாங்கி, தன் மார்போடு அணைத்துக்கொண்டு திறந்தார்.