சாம்பல் நிறக் கோட்டு

லெமுவல் ஹாக்கெட்டை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவனுக்கும் ஊரைப் பிடிக்காது. சாகும்வரை தண்ணீர்ப் பம்பு பழுதுபார்த்துப் பிழைத்தான். வேலை சுத்தம், வாய் விஷம். அந்த விஷம் ஒரு பெயரால் ஏறியது.

இருபது வயதில் அவன் படிக்கப் போனது தொழிற் பல்கலைக்கழகத்துக்கு. உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று மாநில அரசு சோளக்காட்டு நடுவே கட்டியது. எங்கள் பக்கத்திலோ திருட்டுப் பையன்களை அடைத்துவைக்கும் இடத்துக்குத்தான் தொழிற்பள்ளி என்று பெயர். பல்கலைக்கழகம் என்ற வால் யார் காதிலும் ஏறவில்லை. போதாக்குறைக்கு அங்கே எல்லோருக்கும் கைதிகளைப்போலச் சாம்பல் நிறச் சீருடை.

முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே பக்கத்துப் பண்ணை ஏசா ப்ரூயிட் வேலியோரம் மறித்துக் கேட்டார். "என்னத்தடா திருடின?"

"அது காலேஜ், ஐயா. லேத்து ஓட்டறோம், எஞ்சின் படம் வரையறோம், துப்பாக்கிப் பயிற்சி எடுக்கறோம்."

"உங்க கையில துப்பாக்கிய வேற குடுக்கறானுங்களா? நல்லாருக்கு."

அன்றிலிருந்து லெமுவலுக்கு ஒரே வெறி. படிப்பை முடித்த சான்றிதழை வாங்கிவந்து ப்ரூயிட்டின் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும்.

பட்டறையில் அவனுக்கு நல்ல பெயர். வினை துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் இருந்தது. பயிற்சி தந்த கேப்டன் டன்னிங், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து பத்து வருடமாகியும் குதிரையை விட்டு இறங்க மனமில்லாத மனிதர். பட்டறையிலிருந்து நேரே ஓடிவரும் பையன்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அற்பன் என்பேன் நான்.

படிப்பின் கடைசி வசந்தத்தில் ஒருநாள் அவர் லெமுவலின் முன்னால் வந்து நின்றார். "இது கோட்டாடா? அடுப்பு தொடச்ச துணியா?"

"பட்டறையிலேருந்து வரேன், கேப்டன். எண்ணெய்க் கறை போகமாட்டேங்குது."

"பட்டனும் ஓட்டைக்குள்ள போகமாட்டேங்குதோ? ஜெயில் கைதிகூட உன்னவிட ஒழுங்கா நிப்பான். உன்னையெல்லாம் அங்கதான் அனுப்பியிருக்கணும்."

வரிசை முழுதும் சிரித்தது. ப்ரூயிட் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டவனால் இங்கே முடியவில்லை. துப்பாக்கியைச் சேற்றில் வீசினான்.

"நான் கைதி இல்ல. நீ ஜெயில் வார்டனும் இல்ல. குதிரையில ஏறி வேற எங்கயாவது போய் வேஷம் போடு."

பல்கலைக்கழகத் தலைவர் அவனைக் கூப்பிட்டு நயமாகத்தான் சொன்னார்: வரிசையின் முன்னால் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள், சான்றிதழ் உனக்குத்தான். "அவர் மொதல்ல கேக்கட்டும்" என்றான் மடையன். எனக்கு இன்றுவரை அவன்மேல் ஆத்திரம் தீரவில்லை. இன்னும் ஒரே மாதம் நாக்கை அடக்கியிருந்தால் போதும். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வேறு கோட்டு இல்லாததால் அதே சாம்பல் நிறக் கோட்டோடு ரயிலை விட்டு இறங்கினான். அவன் அப்பா வண்டியோடு காத்திருந்தார். மாவு மூட்டை ஏற்ற வந்த ப்ரூயிட்டும் அங்கேயே நின்றார்.

"என்னடா, தண்டன முடியறதுக்குள்ளயே விட்டுட்டானுங்க? நல்லபடியா நடந்துக்கிட்டியாக்கும்."

லெமுவல் அப்பாவைப் பார்த்தான். என் மகன் காலேஜில் படித்தவன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றது எல்லாம் போகட்டும் என்று இருந்தது அவனுக்கு.

அப்பா கடிவாளத்தைக் கையில் எடுத்தார். "மொதல்ல அந்தக் கோட்டக் கழட்டுடா" என்றார் தணிந்த குரலில். "ஊரே பாக்குது."