மண்டோர் பிரம்பும் பொட்டுவின் பரீட்சையும்

“செத்த எலி மாதிரி கெடக்குது, குப்பையில தூக்கிப் போடு.”

தனபாலன் சொன்ன இந்தப் பேச்சை புஷ்பவள்ளி இரண்டு வருடமாக மறக்கவில்லை. மறந்துவிடக் கூடாது என்று தினமும் ஒரு தடவை நினைத்துக்கொள்வாள்.

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊருக்கு வெளியே, தோட்டத் தொழிலாளர் லயங்களை உடைத்தபின் கட்டிக்கொடுத்த மலிவு விலை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. வீட்டில் மகள் விஷாலினியும் பொட்டுவும்தான். பொட்டு நான்கு கிலோகூடத் தேறாத வெள்ளை நாய். நெற்றியில் பழுப்பாக ஒரு வட்டம்.

முனியாண்டி கோயில் திருவிழாவில், படையலுக்கு வைத்த கோழிக்கறியில் பொட்டு வாய் வைத்துவிட்டது. கோயில் தலைவர் தனபாலன், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் பிரம்பை விடவில்லை. “சின்ன நாய் மண்டோரே, முனியாண்டி கோவிச்சுக்க மாட்டாரு” என்று யாரோ சொல்லி முடிப்பதற்குள் பிரம்பு இறங்கியது. பின்னங்கால் ஒடிந்தது. அப்போதுதான் குப்பைப் பேச்சு. ஊரே நின்று பார்த்தது.

மறு வருடம் தனபாலனுக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துபோனது. ரவாங்கில் இருக்கும் மகன் அவரை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டான்.

“சாமியே அடிச்சிருச்சு, விடு” என்றார்கள் பக்கத்து வீட்டில்.

“சாமி அடிச்சா போதுமா? நான் அடிக்க வேணாமா?” என்றாள் புஷ்பவள்ளி.

வழியைக் காட்டியது விஷாலினியின் கைப்பேசியில் வந்த ஒரு வீடியோ. கிள்ளானில் ஒரு தொண்டர் குழு, முதியவர்களைப் பார்க்க நாய்களைக் கூட்டிப்போகிறது. பரீட்சையில் தேறிய நாய்க்குக் கழுத்தில் மஞ்சள் துணி, பெயர் போட்ட அட்டை. பாட்டிமார்களின் மடியில் அது படுத்துக்கொள்கிறது, அவர்கள் தடவிக்கொடுக்கிறார்கள். புஷ்பவள்ளி அதை நான்கு தடவை பார்த்தாள். குப்பையில் போடச் சொன்ன நாய் அட்டை மாட்டிக்கொண்டு இல்லத்து முன்வாசல் வழியாக நுழையும். எல்லாரும் வா வா என்று கூப்பிடுவார்கள். அந்த ஆள் உட்கார்ந்து பார்த்தே ஆகவேண்டும்.

குழுவிலிருந்து அன்பரசி வந்து பொட்டுவைப் பார்த்தாள். குணம் தங்கம் என்றாள். மேலே தாவக் கூடாது, சாப்பாட்டைப் பிடுங்கக் கூடாது, சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் பயப்படக் கூடாது.

மற்றதெல்லாம் சுலபம். கோலைப் பார்த்தால் மட்டும் பொட்டு நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது.

புஷ்பவள்ளி ஜெராம் சந்தைக்குப் போனாள். தனபாலனுடையதைப் போலவே பிடி வளைந்த பிரம்பாகத் தேடி வாங்கினாள். நுனியில் அவித்த கோழி ஈரலைத் தேய்த்துத் தரையில் வைத்தாள். முதல் வாரம் பொட்டு கட்டிலடியை விட்டு வரவில்லை. மூன்றாம் வாரம் மோந்து பார்த்தது. இரண்டு மாதத்தில் பிரம்பை எடுத்தாலே வால் பிய்ந்துவிடும்போல ஆடியது.

“ம்மா, பிரம்ப பாத்தா அதுக்கு இப்ப ஈரல் கடை லா” என்று சிரித்தாள் விஷாலினி.

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை, தனபாலன் இருக்கும் அதே இல்லத்தில். புஷ்பவள்ளி கேட்டு வாங்கிய இடம். கூடத்தில் எட்டுப் பேர். சக்கர நாற்காலி உரசிக்கொண்டு போனது, பொட்டு அசையவில்லை. தட்டு விழுந்தது, திரும்பிப் பார்த்ததோடு சரி. சின்னம்மா என்ற கிழவியின் மடியில் துண்டை விரித்து அதை வைத்தார்கள். “என் தங்கமே, எந்த ஊரு ராசா நீ?” என்று கிழவி கொஞ்சினாள். அன்பரசியின் பேனா சரி சரி என்று குறித்தது.

மூலையில் தனபாலன். முழங்கால்களுக்கு நடுவே பிரம்பு.

பொட்டு அதைப் பார்த்துவிட்டது. கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் நெற்றி வட்டத்தைப் பார்த்தார். கோணிய வாயிலிருந்து குழறலாக வந்தது: “வேணாம்... கூட்டிட்டுப் போ... கடிச்சிரும்...”

கயிறு புஷ்பவள்ளியின் கையில் இருந்தது. இழுத்திருக்கலாம். அவள் இன்னும் இரண்டு முழம் விட்டுக் கொடுத்தாள்.

தனபாலன் காலைத் தூக்கப் பார்த்தார். ஒரு கால்தான் எழுந்தது. பிரம்பு தடாலென்று விழ, பொட்டு பாய்ந்து அதன் நுனியை நக்கியது.

“என்னா மண்டோரே, இந்தக் குட்டிக்கா இவ்ளோ பயம்!” என்று எவரோ சிரிக்க, கூடமே சிரித்தது.

புஷ்பவள்ளி குனிந்தாள். “குப்பையில போடச் சொன்னீங்களே மண்டோரே, வந்திருக்கு பாருங்க.”

தேன் குடித்ததுபோல இருந்தது அவளுக்கு. அவர் கீழே கிடந்த பிரம்பைத் துழாவுவதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். அன்பரசி வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

வெளியே மாமரத்தடியில் அன்பரசி சொன்னாள்: “பொட்டு பாஸ் க்கா. நீங்க ஃபெயில்.”

“நான் என்னாம்மா செஞ்சேன்?”

“அவரு வேணாம்னாரு. நீங்க கயித்த விட்டீங்க. நான் பாத்தேன்.”

“இதோட கால ஒடிச்ச ஆளு அவரு!”

“இருக்கட்டும் க்கா. அவரு பிரம்பால அடிச்சாரு. நீங்க பொட்டுவால அடிக்கிறீங்க. ரெண்டு பேரும் தேறுனாத்தான் அட்டை. மூணு மாசம் கழிச்சு வாங்க.”

மஞ்சள் துணி அன்பரசியின் பைக்குள்ளேயே திரும்பிப் போனது. மோட்டார் சைக்கிள் கூடையில் பொட்டு வெறுங்கழுத்தோடு உட்கார்ந்து வந்தது. தேன் ருசி பாலத்தைத் தாண்டும்போதே போய்விட்டது.

அன்று சாயங்காலமே விஷாலினியை நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் பிரம்பைக் கொடுத்தாள்.

“சொல்லு.”

“வேணாம்! கூட்டிட்டுப் போ!” விஷாலினி வாயைக் கோணிக்கொண்டு, அம்மா சொல்லித்தந்தபடியே சொன்னாள். புஷ்பவள்ளியின் கை இறுகவே இல்லை. பொட்டு போய் ஈரலை நக்கிவிட்டது. பத்து நாள் அப்படித்தான் போனது; அந்தக் குரலைக் கேட்டாலே அவள் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. பதினோராம் நாள், முதல் ‘வேணாமு’க்கே கயிற்றை இழுத்துப் பிடித்தாள். ஈரல் கிடைக்காத பொட்டு திரும்பி அவளை முறைத்தது.

“மன்னிச்சிட்டியாம்மா அந்தாள?” என்றாள் விஷாலினி.

“மன்னிப்பா? போடி. அந்தாளு கண்ணு முன்னாலதான் நான் அட்டை வாங்கணும்.” கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். “மறுபடி சொல்லு. இன்னும் பயந்த மாதிரி சொல்லு.”